கிளீனர் சைடு

ஹலோ... ஹலோ... ஆங், மோனிஷாவா? சொல்லு கண்ணு, அப்பாதான்... கேக்குது, கேக்குது. நீ கொஞ்சம் சத்தமா பேசு... இரு இரு, ரயில் போயிரட்டும். பொம்மிடி ஸ்டேஷன் பக்கத்துல வூடு கட்டுனவன் பொழப்பு இதான், பாதிப் பேச்சு ரயிலுக்கே போயிரும்... ஆங், போயிருச்சு. சொல்லு.

சாப்ட்டேன், சாப்ட்டேன்... களிதான். கீர கடஞ்சேன்... ஆமா, மணி நாலாச்சு இங்க, எப்பவோ சாப்ட்டாச்சு. ஜெர்மனில உனக்கு பதினொன்னரைதானே? ட்யூட்டி நேரத்துல கூப்புட மாட்டியே. என்னா விசயம்?

சும்மாவா? சும்மா கூப்புடுற ஆளா நீயி. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு பத்து நிமிசம், அதோட அடுத்த ஞாயிறுதான். இன்னைக்கு செவ்வாக்கெழம. கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்குது?... சளியா? சளி புடிச்ச கொரலு எனக்குத் தெரியாதாக்கும்... சரி, சளின்னா சளி.

அந்தப் பொட்டி வந்துச்சா? லீவுக்கு வந்துட்டுத் திரும்புன பிளசிகிட்ட குடுத்துவுட்டேனே, குடுத்தாளா?... எப்ப?... சனிக்கெழமையேவா! ஏன்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாது? நான் இங்க போனயே பாத்துக்கிட்டு... சரி, விடு விடு. கார்ல மாட்டுனியா? கண்ணாடில ஒட்டுதா?... ஆமா, அந்த ரப்பர எச்சி தொட்டு அமுக்கணும். மாதேஷு சொன்னான்... எந்த மாதேஷா? தர்மபுரில கார் சாமான் கடை வச்சிருக்கான்ல, அவன்தான். பழைய ஜிபிஎஸ்தான், வெல கம்மி. ஆனா ஜெர்மனி மேப்பு பூரா உள்ள ஏத்திக் குடுத்துட்டான். சிக்னலே இல்லாத காட்டுக்குள்ளயும் வழி சொல்லும். நீதானே சொன்ன, வூடு வூடா காரு ஓட்டிக்கிட்டுப் போயி பெருசுங்களுக்கு ஊசி போடுற வேலப்பா, பாதி ஊர்ல போன் எடுக்கல, வழி தெரியாம பயமா இருக்குதுன்னு. அதான்...

என்ன சிரிப்பு?... ஆமாடி, எங் கொரலேதான்! பின்ன, ஊரு பேரு தெரியாத பொம்பள எம் பொண்ணுக்கு வழி சொல்றதா? மாதேஷு ஒரு சின்ன மைக்கு குடுத்தான். கடைல பேச முடியல, ஒரே ஆரன் சத்தம். வூட்டுக்குத் தூக்கியாந்து, கதவச் சாத்திக்கிட்டு நாலு நாளு பேசுனேன். பக்கத்து வூட்டு மாதம்மா ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டு, "பொண்டாட்டி போனதுல இருந்து தனியா கெடந்து கெடந்து மனுசனுக்குக் கழண்டுருச்சு"ன்னு தெரு பூரா சொல்லிட்டா... சொல்லிட்டுப் போறா. நாலு நாளு நல்லாத்தான் போச்சு. உங்கூடப் பேசிக்கிட்டு இருந்த மாதிரியே.

கெளம்புறப்ப என்ன சொல்லுது?... ஆங்! "பெல்ட் போட்டியா, சிலுவ போட்டியா." அப்புறம் போயி நின்னதும்?... அதேதான்! "வந்துட்டோம். சாப்ட்டியா கண்ணு?" ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் கேக்கும். ஒரு நாளைக்கு எத்தன வூடு போற?... பதினாலா! அப்ப பதினாலு தடவ கேக்கும். கேக்கட்டும்.

என்ன, மூக்க உறிஞ்சுற?... மோனிஷா. ஏய். அழுவுறியா? என்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப் போற? சிக்னல் போறதுக்குள்ள சொல்லு.

ம்... ம்... வழி தப்பிருச்சா? பொட்டி சொல்லியுமா?... மூணு தடவையா!... ம்... ஒரு மணி நேரம் லேட்டு... யாரு, அந்த சக்கர வியாதிக் கெழவியா?... ஊசி போட்டாத்தான் அது சாப்புடும்... ம்... தட்ட முன்னாடி வச்சிக்கிட்டு ஒக்காந்தே இருந்துச்சா... அழுதுருச்சா. மாதாவே. இப்ப எப்புடி இருக்குது?... சாப்ட்டுருச்சா. சரி, சரி. உசுருக்கு ஒண்ணுமில்லல்ல.

மேனேஜரு என்ன சொல்றாங்க?... இன்னொரு தடவ லேட்டானா சாவிய வாங்கிருவாங்களா... வண்டி ஓட்டாத நர்சுக்கு அங்க வேலயே இல்லயா. திருப்பி அனுப்பிருவாங்களா?... மூணு வருசம் அந்த பாஷயப் படிச்சு, அம்மா சாவுக்குக் கூட வர முடியாம அங்க கெடந்து... அதுக்கா? மறுபடி எப்ப ட்யூட்டி?... சாயந்திரம் நாலு மணிக்கேவா?

இரு. அழுவாத. மேப்பு தப்பா?... மேப்பு சரின்னா அப்புறம் எப்புடித் தப்பும்? அது என்ன சொல்லுச்சு, நீ என்ன பண்ணுன, அப்புடியே சொல்லு... "டிரைவர் சைடு ஒடி". ஆமா. ரைட்டுல திரும்பணும். நீ எங்க திரும்புன?... லெஃப்ட்டுலயா? ஏன்டி, லாரிக்காரன் பொண்ணுதானே நீயி! டிரைவரு எந்தப் பக்கம் ஒக்காருவான்னு உனக்கு...

என்னாது?

ஸ்டேரிங்கு எந்தப் பக்கம்?

லெஃப்ட்டுலயா... எல்லா வண்டிக்குமா?

அடப் பாவி மரியசூசை, நீயெல்லாம் ஒரு அப்பனா.

இல்ல, இல்ல கண்ணு, உம்மேல தப்பே இல்ல. எம் புத்திய செருப்பால அடிக்கணும். முப்பது வருசம் லாரில இடது வலதுன்னு நாங்க பேசுனதே கெடையாது. தொப்பூர் கணவாயில எறங்குறப்ப எங் கிளீனர் கோவிந்தன் எட்டிப் பாத்துக் கத்துவான், "கிளீனர் சைடு ஒடிண்ணே, கிளீனர் சைடு"ன்னு. கிளீனர் சைடுன்னா லெஃப்ட்டு, டிரைவர் சைடுன்னா ரைட்டு. ஒரு நாளும் மாறல. அங்க ஆளையே மாத்தி ஒக்கார வச்சிருப்பானுங்கன்னு யாரு கண்டா? மாதேஷு அப்பவே சொன்னான், "அண்ணா, லெஃப்ட் ரைட்டுன்னு பேசுங்கண்ணா"ன்னு. நான்தான், "போடா, எம் பொண்ணு எங்கூட லாரில வந்தவ, அவளுக்குத் தெரியும்"னு பெரும அடிச்சேன். பெரும! கெழவி பட்டினியா ஒக்காந்திருக்குது எம் பெருமயால.

என்னா?... நீ சின்னதுல ஒக்காந்து வந்த பக்கமா?... ஆமால்ல. கிளீனர் சீட்டுலதான் ஒக்காருவ. அதே பக்கம் இப்ப நீ ஓட்டுற... நான் ஒக்காந்த பக்கம்?... மருந்துப் பைய வச்சிருக்கியா. ம். பையாவது கூட வருதே.

சரி, கேளு. அந்தக் கொரல அழிச்சிரு... அழின்னா அழி. அப்பன் கொரலா முக்கியம், பொழப்பு முக்கியம்... கேக்கணும்னு தோணுனா போன் பண்ணு. ஞாயித்துக்கெழம பத்து நிமிசம்ங்குறத இருவதா ஆக்கு. இப்ப பொட்டிய எடு. மேல பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும், அமுக்கு... மூணாவது வரி. அதுல "அப்பா"ன்னு இருக்குதா? மாதேஷு தமிழ்லயே பேரு போட்டுட்டான்... ஆமா, அதத்தான் அழிக்கச் சொல்றேன்.

ஏன்டி அடம் புடிக்கிற?... திருப்பம் மட்டுமா? ஆமா, தனித்தனியாத்தான் இருக்கும். அதத் தொறந்தா ஒவ்வொண்ணும் ஒரு வரி. அழிச்ச எடத்துல எல்லாம் பொட்டில இருக்குற இங்கிலீசுப் பொம்பள பேசுவாளாம். டிரைவர் சைடு அழி... கிளீனர் சைடு... வளைவு ஒண்ணு இருக்கும், அதும்... அம்புட்டையும் அழி. ஆச்சா?... போன கிட்ட வச்சு ஒரு தடவ போட்டுக் காட்டு.

ம். நல்லா பேசுது. தொண்ட கட்டாத பொம்பள. அது சொல்றபடி போ. என்னை மாதிரி ஏமாத்தாது.

மிச்சம் என்ன இருக்குது?... "பெல்ட் போட்டியா, சிலுவ போட்டியா", சரி, அது இருந்துட்டுப் போவுது. இன்னொண்ணு?... "சாப்ட்டியா கண்ணு"வா? அதயும் வச்சுக்குறியா. எதுக்கு?... அங்க யாருமே கேக்க மாட்டாங்களா? பதினாலு வூட்டுலயுமா? கூட வேல செய்யறவங்க?... அவங்கவங்க டப்பா, அவங்கவங்க மேச. ம். சரி, வச்சுக்க. ஆனா நாலு மணிக்குள்ள நெசமாவே ஏதாவது சாப்புடு, என்னா? பொட்டிக்குப் பொய் சொல்லக் கூடாது.

அதயும் போட்டுக் காட்டுறியா?... எங்க, போடு. கேப்போம்.

அட! எங் கொரலா இது? கரகரன்னு... பின்னாடி ரயிலு வேற கூவுது. நாலு நாளு பேசுனேன், அது சொல்றத நான் ஒரு தடவ கூடக் கேக்கல பாரு. இன்னொரு தடவ போடு.

இன்னும் சாப்புடல.

ஹலோ?... இல்ல கண்ணு, அதுகிட்டச் சொன்னேன். கேட்டுச்சு, வாய் தவறி... மோனிஷா?... ஹலோ, சிக்னல் போவுது போல... நீ கெளம்பு, கெளம்பு. ஹலோ?... ஹலோ...

காலையில இருந்து அடுப்பே பத்த வைக்கல கண்ணு.