வண்ணச் சுவரிலிருந்து பிள்ளைகளை விலக்கியது குறித்து

காவல் நிலையப் பொறுப்பதிகாரி அவர்களுக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்கவும். மாலையில் உங்கள் எழுத்தரம்மா என் பெயரையும் முகவரியையும் கைபேசி எண்ணையும் முதல் தாளில் எழுதிக்கொண்டிருந்தபோது என் மகள் மேசைமேல் இருந்த முத்திரையை எடுத்து அந்தத் தாளிலும் அவருடைய பதிவேட்டிலும் குத்தத் தொடங்கிவிட்டாள். "நீங்க படிச்சவங்கதானே, மீதியை வீட்டுல உட்கார்ந்து நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. நடந்ததை நடந்த வரிசையில எழுதுங்க. அழுகையெல்லாம் வேணாம்" என்று வெள்ளைத் தாள்களைக் கொடுத்து அவர் என்னை அனுப்பினார். மகள் இப்போதுதான் தூங்கினாள்.

எனக்கு வயது இருபத்தொன்பது. தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியை. திருமணமானவள், இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குத் தாய். பள்ளியிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில், மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறேன். இதற்கு முன் எந்த வழக்கிலும் என் பெயர் வந்ததில்லை.

ஒத்திகைப் படத்துக்குப் பலகை பிடிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது என்னால்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புகாரில், பாதுகாப்பு ஒத்திகை நல்லபடியாக நடந்துகொண்டிருந்தபோது நான் காரணமில்லாமல் பதறி அவளைத் தரதரவென்று இழுத்தேன் என்றும், அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் அறை தீப்பிடித்தது என்றும் இருக்கிறது. எது முன்னால், எது பின்னால் என்பதில்தான் என் வேலையும் பெயரும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் எழுத்தரம்மா சொன்னபடி வரிசையாகவே எழுதுகிறேன்.

நேற்று எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கு 'மகிழ்ச்சியான ஆசிரியர், மகிழ்ச்சியான வகுப்பறை' என்ற பயிற்சி மாடிக் கூடத்தில் நடந்தது. வேலையையும் வீட்டையும் சமமாகக் கவனித்துக்கொள்வது எப்படி என்று சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். காலையில் எல்லாரும் மஞ்சள் நிறத்தில் வர வேண்டும் என்ற செய்தியே முந்தைய இரவு நாங்கள் படுத்த பிறகுதான் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை தன் மாமியாரின் புடவையைக் கேட்டு வாங்கி உடுத்தி வந்தார். நானும் மஞ்சளில் போய் மாடிப்படியில் கால் வைத்தபோது தலைமை ஆசிரியை என்னைத் தடுத்து, "நீதான் தினமும் மணி அடிச்சதும் பையைத் தூக்கிட்டு ஓடிடுறியே, உனக்குத்தான் பேலன்ஸ் ஏற்கெனவே இருக்கே. நீ கீழயே இரும்மா, பிள்ளைங்களைப் பார்த்துக்க" என்றார். குழந்தைக் காப்பகம் மூடுவதற்குள் போக வேண்டியிருப்பதால் நேரத்துக்குக் கிளம்ப அனுமதி கேட்டு நான் எழுதிக் கொடுத்திருந்ததைத்தான் அவர் அப்படிச் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அதன் பின்னர் ஆசிரியர்கள் அனைவரும் மாடிக்குப் போனார்கள். மன அமைதி கெடக் கூடாது என்று அவர்களுடைய கைபேசிகள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைக்கப்பட்டதாகப் பிறகு அறிந்தேன். படம் எடுப்பதற்காகத் தலைமை ஆசிரியையின் கைபேசி மட்டும் அவர் கையிலேயே இருந்தது. கீழே முதல் இரண்டு வகுப்புகளையும் நீள அறையில் ஒன்றாக உட்காரவைத்து நான் பார்த்துக்கொண்டேன். மற்ற வகுப்புகளை அந்தந்த வகுப்புத் தலைவர்கள் பார்த்துக்கொண்டார்கள், அதாவது எந்த வகுப்பையும் யாரும் பார்க்கவில்லை.

அதன் பின்னர் மின்சாரம் நின்றது. மாடியில் குளிர்சாதனமும் படம் காட்டும் கருவியும் ஓட வேண்டும் என்பதற்காக ஜெனரேட்டர் போடப்பட்டது. அது புகைகிறது, டீசல் ஒழுகுகிறது என்று ஆசிரியர் கூட்டத்தில் நானும் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் சொல்லியிருக்கிறோம். "குறை சொல்றதை விட்டுட்டு நல்லதைப் பாருங்க டீச்சர்" என்று பதில் வந்தது. கூடத்துச் சுவரில் 'மகிழ்ச்சி மரம்' என்று ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஆளுக்கொரு காகித இலையில் மகிழ்ச்சியான செய்தி எழுதி ஒட்ட வேண்டும். ஜெனரேட்டரைப் பற்றி எழுத அதில் இடம் இல்லை.

இந்த இடத்தில் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அபாய மணி அடித்தால் பிள்ளைகள் பக்கவாசல் வழியாக வெளியே போய் விளையாட்டுத் திடலில் கூட வேண்டும் என்றுதான் முதலில் ஏற்பாடு. இரண்டு முறை அப்படித்தான் ஒத்திகை நடந்தது. ஆனால் திடலில் வெயில் முகத்தில் அடித்ததால் படத்தில் பிள்ளைகள் எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுவதுபோல இருந்தார்கள். மேல் அலுவலகத்துக்கு அந்தப் படத்தை எப்படி அனுப்புவது என்று, கூடும் இடத்தைப் பக்கவாசலுக்கு உள்ளேயே, முற்றத்து வண்ணச் சுவருக்கு முன்னால் மாற்றினார்கள். வானவில்லும் சிரிக்கும் பிள்ளைகளும் வரைந்த அழகான சுவர் அது. ஜெனரேட்டர் அறையின் முன்பக்கச் சுவரும் அதுதான். உயரப்படி நிற்பது, ஓடாமல் வருவது, படம் எடுத்து முடியும்வரை அசையாமல் இருப்பது எல்லாவற்றையும் நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். முன்வரிசை நடுவில் ஒரு பிள்ளை 'நாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோம்' என்று எழுதிய பலகையைப் பிடிக்க வேண்டும். அந்தப் பலகைக்காகப் பிள்ளைகளுக்குள் சண்டையே நடக்கும்.

அதன் பின்னர் நீள அறையின் பின்சன்னல் வழியாக, ஜெனரேட்டர் அறையின் பின்பக்கக் காற்றுத் துளையிலிருந்து கரும்புகை வருவதைக் கண்டேன். வழக்கமாக வரும் புகை அல்ல, தார் எரிவதுபோலக் குபுகுபுவென்று வந்தது. உடனே தலைமை ஆசிரியையை அழைத்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியையை அழைத்தேன், அவருடைய கைபேசி கூடையில் அடித்துக்கொண்டிருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு நடைகூடத்துக்கு ஓடி அபாய மணியை அடித்தேன். மணியைப் பற்றி யோசித்த எனக்குச் சுவரைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

நான் சின்னப் பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு பக்கவாசலுக்கு வருவதற்குள் மற்ற மூன்று வகுப்புகளும் வண்ணச் சுவருக்கு முன்னால் உயரப்படி நின்றுவிட்டார்கள். ஒரு பிள்ளைகூடத் தள்ளவில்லை, ஓடவில்லை. இத்தனை ஒத்திகையில் அவ்வளவு நேரான வரிசையை நான் பார்த்ததே இல்லை. சிலர் அப்போதே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வானவில் முடியும் இடத்தில் இருந்த தகரக் கதவின் அடியிலிருந்து புகை தவழ்ந்து வந்துகொண்டிருந்தது.

நான் சின்னப் பிள்ளைகளைத் திடலுக்குப் போகச் சொல்லிவிட்டு, "விலகுங்க! எல்லாரும் திடலுக்கு ஓடுங்க!" என்று கத்தினேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன், "ஓடக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றான். அந்த நேரத்தில் மாடிச் சன்னல் திறந்தது. தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். பயிற்சியாளர் ஏற்பாடு செய்த திடீர் ஒத்திகை என்று தான் நினைத்துவிட்டதாகப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். சன்னலில் நின்றுகொண்டு, "அருமை! அருமை! அப்படியே நில்லுங்க கண்ணுங்களா, அசையாதீங்க!" என்று கைபேசியைத் தூக்கினார்.

"டீச்சர், இது நிஜம்!" என்று கத்தினேன்.

"ஆமாம்மா, நிஜம் மாதிரியே இருக்கு!" என்றார்.

அதிகாரி அவர்களே, இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பின்னர் நான் வரிசையின் ஓரத்திலிருந்து பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளத் தொடங்கினேன். ஒன்றிரண்டு பேர் அழுதார்கள். அழுகையைப் பார்த்ததும் மற்றவர்களுக்குப் புரிந்து திடலை நோக்கி ஓடினார்கள். பலகை பிடித்திருந்த பிள்ளை மட்டும் நகரவில்லை. "பெரிய டீச்சர் நிக்கச் சொல்றாங்களே" என்று மேலே பார்த்துக்கொண்டே சொன்னாள். பலகையைப் பிடுங்கி வீசினேன். அவள் அதை எடுக்கக் குனிந்தாள். அவளுடைய வலது கையைப் பிடித்து, ஆம், தரதரவென்றுதான் இழுத்துக்கொண்டு ஓடினேன். பக்கவாசல் படியில் அவள் கால் தடுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். அவளைத் தூக்கித் திடலில் விட்டுத் திரும்பியபோது தகரக் கதவு பெயர்ந்து பறந்து வந்து, வரிசை நின்ற இடத்தில் விழுந்தது. சன்னல் கண்ணாடி வெடித்துச் சிதறியது. அங்கே அப்போது பிள்ளை எவரும் இல்லை, பலகை மட்டும் கிடந்தது. மாடியில் இருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் அலறிக்கொண்டு இறங்கினார்கள்.

அதன் பின்னர் தீயணைப்புப் படையினர் வந்து அணைத்தனர். வகுப்பறைகளுக்குச் சேதம் இல்லை. அவர்களில் மூத்தவர் வண்ணச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உள்ளுக்குள்ள வெந்து போச்சு, எப்ப சரியும்னு சொல்ல முடியாது. இந்தப் பக்கம் ஒருத்தரையும் விடாதீங்க" என்றார். இதை என்னோடு தலைமை ஆசிரியையும் கேட்டார்.

ஆனால் அதற்கு முன்பே, சன்னலில் நின்று எடுத்த படத்தைத் தலைமை ஆசிரியை பெற்றோர் குழுவில் 'இன்று நம் பள்ளியில் பாதுகாப்பு ஒத்திகை' என்று போட்டுவிட்டிருந்தார். மேலிருந்து எடுத்ததில் தகரக் கதவின் அடி தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் நான் ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்துத் தள்ளுவது மட்டும் நன்றாகத் தெரிகிறது. பலகை பிடித்த பிள்ளையின் தந்தை அதைப் பார்த்துவிட்டுத்தான் புகார் கொடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. என் மகளை யாராவது அப்படி இழுத்திருந்தால் நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன். மருத்துவமனையில் அவர் என்னிடம், "பார்த்தது போதும், கிளம்புங்க" என்று மட்டும் சொன்னார். கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த அந்தப் பிள்ளைதான் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இனிமே போர்டை யார் பிடிப்பா?" என்று கேட்டாள்.

இன்று நான் உங்கள் நிலையத்திலிருந்து வீடு திரும்பியதும் தலைமை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். "நான் அவசரப்பட்டுப் படத்தைப் போட்டது தப்புதாம்மா. ஆனா இப்ப மாத்திச் சொன்னா பள்ளிக்கூடத்தையே இழுத்து மூடிடுவாங்க. இத்தனை பேர் பிழைப்பு இருக்கு. நீ ஒருத்தி கொஞ்சம் பதறிட்டேன்னு எழுதிக் கொடுத்துடு. நானே அந்தப் பிள்ளை வீட்டுல பேசி முடிச்சுடுறேன்" என்றார். அவரும் அழுதுகொண்டுதான் பேசினார். பிறகு, "அதுவரைக்கும் நீ பள்ளிக்கு வர வேணாம். குழந்தையோட நிம்மதியா இரு. நீ கேட்ட பேலன்ஸ்தானே" என்றார். இதை அவர் குத்தலாகச் சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் சொன்னார்.

பக்கத்திலிருந்து கேட்ட என் கணவர், "ஒரு வரிதானே, எழுதிக் கொடுத்துட்டுப் போயேன். எதுக்கு மல்லுக்கு நிக்கிற?" என்றார். நானும் பேனாவை எடுத்தேன். அந்த ஒரு வரியோடு இந்தத் தாள் முடிந்திருக்கும்.

அப்போதுதான் ஆசிரியர் குழுவில் செய்தி வந்தது. நாளைக் காலை மேல் அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். முதல் மணி முடிந்ததும் அவர்கள் முன்னிலையில் ஒத்திகை நடக்கும். பிள்ளைகள் 'வழக்கமான இடத்தில்' நிற்க வேண்டும். சுவரில் படிந்த கரியைக் காலையில் துடைத்துவிடுவார்கள். ஆசிரியர்கள் எல்லாரும் புன்னகையுடன் இருக்க வேண்டும். பலகை புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியையை அழைத்து, "சுவர் சரியும்னு சொன்னாங்களே" என்றேன். "தெரியும்டி. நான் கேட்டேன். அஞ்சு நிமிஷ வேலைதானே, நல்லதை நினைங்கன்னுட்டாங்க" என்றார். நான் தலைமை ஆசிரியையைத் திரும்ப அழைத்தேன். அவர் எடுக்கவில்லை.

மேலே எழுதியவை நான் கண்டதும், கேட்டதும், என் கையால் செய்ததும் மட்டுமே. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. பதற்றத்தில் செய்தேன் என்ற வரியை நான் எழுதப்போவதில்லை. முழுவதையும் ஒருமுறை வாசித்துப் பார்த்து, சரி என்று கண்டு, கீழே கையெழுத்திட்டிருக்கிறேன்.

என் வழக்கை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விசாரியுங்கள். விடிந்ததும் இந்தத் தாள்களை என் கணவர் உங்கள் நிலையத்தில் கொடுத்துவிட்டு வாசலிலேயே காத்திருப்பார். மணி அடித்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே போய் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பள்ளி வாசலில் என்னை உள்ளே விட மாட்டார்கள். முதல் மணிக்கு முன்னால் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்க நீங்கள் ஒருவரை அனுப்புவீர்களா, மாட்டீர்களா என்று மட்டும் தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள். என் எண் முதல் தாளில், என் மகள் குத்திய முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

(கையெழுத்து)
முதல் வகுப்பு ஆசிரியை