ராஜாங்கம் சாரின் பதில்கள்

இணையத்தில் உருப்படியான ஒரு குழுவைக் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை, மேடம். அதுவும் படகுக்கு. முதலில் சேர்ந்தது விற்கிறவர்கள் குழு. என்ன கேட்டாலும் போன் நம்பர்தான் கொடுப்பார்கள். இரண்டாவதில் மோட்டாரைப் பற்றி இரண்டு பேர் ஆறு மாதமாகச் சண்டை போட்டார்கள். மூன்றாவதில் எல்லோரும் தங்கள் போட்டோவை மட்டும் போட்டார்கள். நான்காவதுதான் நல்ல குழு. அதில் ஒருவர் முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. பதினேழு பேர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குச் சத்தம் வராது, பின்னாலிருந்து சிரிப்பார்கள். அதனால் யாரும் சிரிக்காத இடத்தை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

எனக்காகத் தேடவில்லை. ராஜாங்கம் சாருக்காகத் தேடினேன். என் அம்மா சாமியம்மாள் அவருடைய குவார்ட்டர்ஸில் சமைத்தாள். சாருக்கு மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் விஜயலட்சுமி அக்கா கோயம்புத்தூரில் இருந்தார். சுரங்கத்தில் சாருக்கு பம்ப் செக்‌ஷன். அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்ப், ஒரு இரும்பு மிதவையின் மேல் இருக்கும். முப்பது வருஷம் அந்த மிதவை மேல் நின்றவர். ரிட்டயர் ஆவதற்குள் சொந்தமாக ஒரு படகு செய்து ஏரியில் விட வேண்டும் என்று தோட்டத்து ஷெட்டில் பிளைவுட்டை அறுத்துக்கொண்டிருந்தார். 2017இல் எல்லார் கையிலும் நெட் வந்துவிட்டது. அவர் கையிலும் போன் இருந்தது, இங்கிலீஷ் இல்லை.

"பாப்பா, நீதான் படிச்ச புள்ள. எனக்குப் பதிலா கேளு, அவங்க சொல்றத எனக்குப் படிச்சிக் காட்டு" என்றார்.

முதல் ஷிப்டு முடிந்து வந்து மூன்று மணிக்கு ஸ்டூலில் உட்காருவார், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு. நான் படிப்பேன். சுரங்கத்தில் ஷிப்டு தொடங்கும்முன் அன்றைய உத்தரவுகளை ஒருவர் வாசிப்பாராம், கடைசியில் "கிளியரா?" என்பாராம், எல்லோரும் "கிளியர்" என்று சொல்லிவிட்டு இறங்குவார்களாம். வாசிக்கப்பட்டது சரியா என்று யாரும் திருப்பிப் பார்த்ததில்லை. வீட்டில் மட்டும் அவரே கேட்பார். "கிளியரா பாப்பா?" நான் "கிளியர் சார்" என்பேன். உடனே எழுந்து போய் அப்படியே செய்வார். என் வாயிலிருந்து வந்ததை ஒரு ஆள் அப்படியே செய்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னைத் தப்பாகத் தொட்டதில்லை, திட்டியதில்லை. தீபாவளிக்குப் பாவாடை தாவணி எடுத்துக் கொடுத்தார். ஆனால் ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்துத்தான் போனைத் தள்ளுவார், நோட்டில் பக்கம் புரட்டுவதுபோல. கண்ணாடி முழுக்க எச்சில் கோடு, அதன் மேல் மீன்குழம்பு. அதே கண்ணாடியில்தான் நான் எழுத வேண்டும். சாப்பிட்டதும் தட்டிலேயே கொப்பளிப்பார். நான் படிக்கிறபோது குதிகால் வெடிப்பைச் சுரண்டி, அந்தத் தோலைப் பேப்பர் ஓரத்தில் சிறு குவியலாகச் சேர்ப்பார். சில நாள் ஒன்றை எடுத்துப் பல்லில் வைப்பார். அம்மாவிடம் சொன்னேன். "ஆம்பளைங்க அப்புடித்தான்டி. உனுக்கு இன்னா, கண்ண மூடிக்கினு படி" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் படிப்பது?

குழுவில் அந்த வாடை இல்லை. கணக்கு அவர் பெயரில் இருந்தாலும் அங்கே ராஜாங்கம் சார் என்பது நான்தான். அவர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். பிறகு நேரம் இருந்ததால் மற்றவர்கள் கேட்டதற்கும் பதில் எழுதினேன். பழைய பதில்கள் எல்லாவற்றையும் படித்திருந்தேன், எனக்கு மறக்காது. துடுப்பின் நீளம், ஆணிக்குத் துரு, எந்தப் பலகை தண்ணீரில் உரியும். மங்களூரில் ஒரு அம்மா தன் முதல் படகின் படத்தைப் போட்டு, 'ராஜாங்கம் சார் இல்லாவிட்டால் இது இல்லை' என்று எழுதினார். நான் அதைச் சாருக்குப் படித்துக் காட்டவில்லை. அது அவருக்கு வந்தது இல்லையே.

டிசம்பரில் குழுக்காரர்கள் பரங்கிப்பேட்டையில் கூடுவதாக அறிவித்தார்கள். அதைப் படித்துக் காட்டியது என் தவறு. சார் அன்று சந்தோஷத்தில் இரண்டு தடவை கொப்பளித்தார்.

"நம்ம படகையும் கொண்டுக்கினு போறேன் பாப்பா. எல்லாரையும் நேர்ல பாக்கணும். நாந்தான்யா ராஜாங்கம்னு போயி நிக்கணும்" என்றார். பிறகு, "உனுக்கும் இனிமே சிரமம் வேணாம். வாயால தமிழ்ல பேசுனா அதுவே இங்கிலீஷ்ல எழுதிக்குதாம், விஜி சொல்லுச்சு" என்றார்.

அங்கே மங்களூர் அம்மா கை கொடுப்பார். இவர் நாக்கில் நனைத்த விரலோடு கை கொடுப்பார்.

அதே வாரம் படகின் இரண்டு முனையிலும் பெட்டி அடித்திருந்தார். தண்ணீர் ஏறினாலும் முழுகாதபடி பெட்டிக்குள் தெர்மாகோல் அடைத்து, மேலே ஒரு மக் ரெசின் பசை ஊற்றி, உடனே மூடியைத் திருகினால் ஆடாமல் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் யோசனை. கேட்டு எழுதினேன். கொல்லத்துக்காரர் ஒருவர் நீளமாகப் பதில் போட்டார். முதல் பத்தியில் பெட்டியின் வேலைப்பாட்டைப் புகழ்ந்திருந்தார். இரண்டாம் பத்தியில், செய்யவே செய்யாதீர்கள், இந்த ரெசின் தெர்மாகோலைத் தின்றுவிடும், பெட்டி காலியாகிவிடும், தண்ணீர் புகுந்தால் படகு கல்லைப்போல இறங்கும் என்று எழுதியிருந்தார். மூன்றாம் பத்தியில் வாழ்த்து.

நான் பொய் படிக்கவில்லை, மேடம். முதல் பத்தியைப் படித்தேன். மூன்றாம் பத்தியைப் படித்தேன்.

"கிளியரா பாப்பா?"

"கிளியர் சார்."

கொல்லத்துக்காரர் தவறாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அதனால் மறுநாள் ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் ரெசின் ஊற்றித் தெர்மாகோல் துண்டைப் போட்டுப் பார்த்தேன். வாயில் போட்ட பஞ்சுமிட்டாய் மாதிரி போய்விட்டது. எதையும் சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்று குழுவில் சொல்வார்கள்.

சார் ஊற்றும்போது மக்கை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். மூடியைத் திருகியதும் உள்ளே சுர்ரென்று கேட்டது.

"இன்னா சத்தம் பாப்பா?"

"புடிக்குது சார்" என்றேன்.

லைஃப் ஜாக்கெட் வேண்டுமா என்று கேட்கச் சொன்னார். கேட்காமலே, ஏரிக்கு வேண்டாமாம் என்று சொன்னேன். அவருக்கு நீச்சல் தெரியாது. முப்பது வருஷம் தண்ணீர் மேல் நின்றவருக்கு நீச்சல் தெரியாது என்பது என்னிடம் மட்டும் சொன்ன விஷயம், வெட்கப்பட்டுக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் ஏற்றி ஏரிக்குப் போனோம். சுரங்கத்துத் தண்ணீர் வந்து விழுகிற ஏரி, கரைக்குப் பக்கத்திலேயே ஆழம். அவருடைய செக்‌ஷன் ஆட்கள் கலியமூர்த்தியும் அய்யனாரும் வந்திருந்தார்கள்.

"இன்னாய்யா ராஜாங்கம், இலங்கைக்கா?" என்றார் கலியமூர்த்தி.

"போறது போற, வரும்போது நாலு தேங்கா சோப்பு வாங்கியா. நாறுதுய்யா உன் சட்ட" என்றார் அய்யனார்.

சார் சிரித்தார். "வயித்தெரிச்சல் புடிச்சவனுங்களா, பாத்துக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைத் தள்ளினார். குழுவுக்குப் போடுவதற்காக நான் அவர் போனில் வீடியோ எடுத்தேன். நடு ஏரியில் அவர் எங்களைப் பார்த்துக் கை ஆட்டுவதற்குத் திரும்பியபோது படகு சாய்ந்து தண்ணீர் அள்ளியது. நிமிர்ந்தது. ஆனால் மேலே வரவில்லை. பின்முனை முதலில் போனது, பிறகு எல்லாம். கலியமூர்த்தி குதித்து நீந்தினார், தூரம் அதிகம். "பாப்பா" என்று ஒரு தடவை கேட்டது. ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தது கலியமூர்த்திதான்.

மதியம் தூக்கிவந்து கரையில் போட்டார்கள். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் நுரை. அய்யனார் துண்டால் துடைத்துக்கொண்டே அழுதார், நுரை நிற்கவில்லை. நான் அவருடைய ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். முதல் தடவையாகச் சுத்தமாக இருந்தது.

வீடியோவின் முதல் பாதியை வெட்டி மாலையில் குழுவில் போட்டேன். கரையை விட்டுப் போகிறவரை மட்டும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டினார்கள். பரங்கிப்பேட்டைக்கு வர முடியவில்லை, ஷிப்டு மாறிவிட்டது என்று எழுதினேன். அதன்பின் பத்து வாரத்தில், என்னிடமே தங்கிவிட்ட அந்தப் போனில் அறுபத்து மூன்று பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு பதிலும் தப்பில்லை. நீங்கள் சரிபார்க்கலாம். இறந்துபோன அப்பா யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருப்பதைப் பார்த்து விஜயலட்சுமி அக்கா உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், வாழ்த்துப் போட்டதற்கு.

சார் மேல் உனக்கு என்ன கோபம் என்று கேட்டீர்கள். கோபமே இல்லை. அருவருப்புதான். அருவருப்பான ஒன்றைக் கையால் தொடாமல் அப்புறப்படுத்தினேன். தெரிந்தே செய்தேன், நான் மட்டும்தான் செய்தேன், அம்மாவை விட்டுவிடுங்கள்.

போனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் மட்டும் எதுவும் எழுதிவிடாதீர்கள். ராஜாங்கம் சார் செத்துவிட்டார் என்று தெரிந்தால் அவர்கள் ரொம்ப வேதனைப்படுவார்கள். ஒருவரை வேதனைப்படுத்துவது என்னால் முடியாத காரியம், மேடம்.