எங்கள் தெருவில் யாருக்கும் சுகர் இல்லை

"நம்ம தெருவுல யாருக்குமே சுகர் இல்லியாம். அதான் மாத்திரை கம்மியா வந்துகீதாம்."

மயிலாப்பூர் அரசு சுகாதார நிலையத்தில், சுகர் மாத்திரை வாங்கும் நீண்ட வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பச்சைப் புடவைக்காரி தோழியிடம் பொரிந்தாள்.

"வீடு வீடா கணக்கெடுக்க வந்தாங்களே, நீ இன்னா சொன்ன?"

"இல்லன்னேன். பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம். அம்மாவுக்கு சுகர்னா எவன் கட்டுவான்?"

"நானும் அதான் சொன்னேன்."

"அதுக்குன்னு மாத்திரைய கொறச்சிருவாங்களா? இன்னா பிளான் போடறாங்களோ!"

அப்போது ஒரு நர்ஸ் நோட்டுடன் வந்தார். அடுத்த வருஷத் தேவைக்குப் புதுக் கணக்காம்.

"உங்களுக்கு எத்தனை வருஷமா சுகர்?"

பச்சைப் புடவைக்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"எனக்கா? பக்கத்து வூட்டம்மாவுக்கு வாங்க வந்தேன், சிஸ்டர்."