வெள்ளரிக்கு அடித்த தண்ணீர்

சோப்புத் தண்ணீர் அடித்தால் மாவுப்பூச்சி போய்விடும் என்பது உண்மைதான் சார். சோப்பைச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். எல்லாம் என் நாத்தனார் சொல்லிக்கொடுத்ததுதான்.

கணவனை இழந்து அவள் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த வாரமே கொல்லையைக் கொத்தினாள். கத்தரி, வெண்டை, பந்தல் போட்டு வெள்ளரி. ஆபீஸ் விட்டு வந்ததும் என்னிடம் காபி கேட்கிற என் வீட்டுக்காரர், நேராகக் கொல்லைப்பக்கம் போக ஆரம்பித்தார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று சும்மாவா சொன்னார்கள்.

அண்ணனும் தங்கையும் தணிந்த குரலில் பேசுவார்கள். நான் போனால் பேச்சு பூச்சிக்கு மாறும். ஒருநாள் அலமாரியில் வீட்டுப் பத்திரம் இடம் மாறியிருந்தது. தூசு தட்டும்போது நானே நகர்த்தியிருக்கலாம். இருந்தாலும்.

முதலில் அவள் சோப்புத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலில் சலவைப் பவுடரைத்தான் போட்டேன். கத்தரி இலையெல்லாம் கருகிப்போயின. "நான்தான் அளவு தெரியாம கலந்துட்டேன் போல அண்ணி" என்றாள். என்மேல் துளி சந்தேகமும் இல்லை. இவ்வளவு அமுக்கமானவளா என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பிஞ்சைப் பறித்து, கையாலேயே துடைத்து, அங்கேயே கடிப்பது அவள் வழக்கம். கழுவித் தின்னச் சொன்னால், "வெறும் சோப்புத் தண்ணிதானே அண்ணி, வயிறும் சுத்தமாகட்டும்" என்று சிரிப்பாள்.

கொட்டகையில், வீட்டை விற்றவர் விட்டுப்போன பூச்சிமருந்து டப்பா ஒன்று இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அதை அவள் பாட்டிலில் கலந்தேன். ரெண்டு நாளாக அவளுக்கு மூக்கடைப்பு. வாடை தெரியாது. மறுநாள் காலை, ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை ரிப்பேர் என்று சொல்லி என் வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினேன். அவரும் பிஞ்சு தின்கிறவர்.

அவள் அடித்து முடித்துவிட்டு சமையலறைக்கு வந்தாள்.

"வேலை கிடைச்சிருச்சு அண்ணி. தையல் பள்ளிக்கூடத்துல. தங்கறதுக்கு ரூமும் தர்றாங்க. ஒண்ணாம் தேதி கிளம்பறேன்."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"அதைத்தான் ரெண்டு பேரும் பேசிட்டிருந்தோம். முடிவாகாம உங்ககிட்ட சொல்லி, கிடைக்கலைன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான். இனிமே இந்தப் பந்தல் உங்களுக்குத்தான் அண்ணி."

சொல்லிவிட்டுத் திரும்பப் பந்தலுக்குப் போனாள். நான் ஜன்னலருகே நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஒரு பிஞ்சைப் பறித்தாள், துடைத்தாள். நான் கூப்பிடவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீங்களும் குடும்பஸ்தர், யோசித்துப் பாருங்கள் இன்ஸ்பெக்டர் சார். வீட்டை விட்டுப் போகிறவள் எதற்காகச் செடிக்கு மருந்து அடிக்கிறாள்? அப்படிப்பட்டவளை எதை வைத்து நம்புவது?