ஒரு புள்ளி, இரண்டு நெஞ்சு

மச்சான் கடைசியாக என்னிடம் கேட்டது ஓர் அகப்பை.

எங்கள் மனோர் பார்க் வீட்டின் கூரைப் பீலியில் இலை அடைத்து, மழைத்தண்ணீர் சமையலறைச் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. என் மனைவி சிவகௌரி தன் அண்ணன் பாலேந்திராவை வரச் சொன்னாள். சனிக்கிழமை காலை வந்தார், ஏணியைத் தானே சாத்தினார், ஏறினார்.

“மச்சான், கையாலை அள்ள ஏலாது, சேறாய்க் கிடக்கு. பழைய அகப்பை ஒண்டு தா. நல்லதைத் தந்திடாதை, கௌரி என்னைத்தான் பேசுவாள்.”

கொடுத்தேன்.

நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளன் நான்தான். ஏணி பற்றிய அரைநாள் வகுப்பையும் நானே நடத்துகிறேன். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் விதி. நான் பிடிக்கவில்லை. பத்து மீட்டர் தள்ளி, தோட்டத்துக் கொட்டில் வாசலில் துவக்கோடு நின்றேன்.

பயப்பட வேண்டாம். பிளாஸ்டிக் குண்டு போடும் விளையாட்டுத் துவக்கு. உண்மையானதென்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று பாதி உடம்பு கிளிப்பச்சை. பூந்தொட்டிகளைக் கிண்டும் அணில்களுக்காக வாங்கியது. ஆறு மாதத்தில் ஓர் அணில்மீதும் படவில்லை. ஒன்று மட்டும் என் குண்டை எடுத்து, மணந்து பார்த்து, பிடிக்காமல் போட்டுவிட்டுப் போனது. குறி பார்க்கும் லேசர் ஒன்று வாங்கி அதில் பூட்டியபோது, அணிலுக்காக என்று சிவகௌரியிடம் சொன்னேன். சின்னத் திருகாணிகளைத் திருப்பித் திருப்பி, பத்து மீட்டரில் புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் விழும்படி செய்ய ஒரு பின்னேரம் முழுதும் எடுத்தது. சுடும் எண்ணமே இல்லாதவனுக்கு இவ்வளவு திருத்தம் எதற்கு என்று கேட்பீர்கள். எதையும் ஒழுங்காகச் செய்து பழகிவிட்டேன்.

முதலில் என்மேல்தான் சோதித்தேன். துவக்கைக் குளியலறைத் தட்டில் சாய்த்து வைத்து, புள்ளி என் சட்டையின் மூன்றாம் பொத்தானில் விழும்படி நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. பற்றரி பழசாக்கும் என்று மாற்றிப் போட்டேன்.

அந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. 2006 மார்கழி, யாழ்ப்பாணம். நானும் மச்சானும் ஒரே சைக்கிளில் வந்தோம். அவர் மிதித்தார், நான் பின்னால் கரியரில். சந்தியில் சாதாரண உடுப்போடு ஒருவன் பிஸ்டலை நீட்டிக்கொண்டு நின்றான். அதில் பூட்டியிருந்த லேசரிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளி வந்து நெஞ்சில் நின்றது. சைக்கிள் விழுந்தது. அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

நெஞ்சில் என்றால் என் நெஞ்சில். நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குரோய்டனில் நடந்த அகதி விசாரணையில் அப்படித்தான் சொன்னேன். விழுந்ததில் வந்த முழங்கால் தழும்பையும் காட்டினேன். ஏன் விழுந்தீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. ஆனால் இரண்டு மாதம் முன்பே மச்சான் அங்கே போய் அதே புள்ளியைத் தன் நெஞ்சில் வைத்துவிட்டு வந்திருந்தார். அவருக்கு உடனே விசா கிடைத்தது. ஒரு புள்ளி இரண்டு நெஞ்சில் நிற்காது என்ற பொருளில் எனக்கு ஒரு கடிதம் கிடைத்தது. எட்டு வருடம் இழுத்தார்கள். அம்மாவின் செத்தவீட்டைத் தொலைபேசியில் கேட்டேன்.

பிறந்தநாள் வீடு ஒன்று தவறாமல் மச்சான் அதைச் சொல்வார்.

“புள்ளி இஞ்சை வந்து நிண்டது,” மூன்றாம் பொத்தானைத் தட்டுவார். “என்ரை கை ரெண்டும் தன்ரை பாட்டிலை மேலை போட்டுது. சைக்கிள் ஒரு பக்கம், உவன் ஒரு பக்கம். பாவம், உவன்ரை முழங்கால் உடைஞ்சது என்னாலை. இண்டைக்கும் உந்தப் புள்ளியைக் கண்டா கை எழும்பும்.”

“அப்ப சிவப்பு சிக்னலிலை கார் ஆர் ஓடுறது, அண்ணை?” என்பார் பக்கத்து வீட்டு அம்பலவாணன். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பதினெட்டு வருடம் சிரித்தேன்.

ஆகவே ஒரு சின்னப் பரிசோதனை. கதை பொய்யென்றால் புள்ளியைக் கண்டு சிரிப்பார், இறங்கி வந்து என்னை ஏசுவார். உண்மையென்றால் கையைத் தூக்குவார். ஏணியில் நிற்பவர் இரண்டு கையையும் விட்டால் என்ன ஆகும் என்பது என் வகுப்பின் இரண்டாம் விதி. அவர் சிரிப்பார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அவ்வளவு உறுதியாகத் தெரிந்துதான் சிவகௌரியைக் கொத்தமல்லி வாங்கக் கடைக்கு அனுப்பினேன்.

“மச்சான், இஞ்சை பார்.”

திரும்பினார். பொத்தானில் நின்ற புள்ளியைக் குனிந்து பார்த்தார். கை இரண்டும் மேலே போயின. அகப்பையை அவர் விடவில்லை.

முற்றத்துக் கொங்கிறீற்றில் கிடந்தபோது கண் திறந்திருந்தது, மூச்சும் இருந்தது. ஸ்குரூடிரைவர் என் பொக்கற்றில் இருந்தது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. லேசரைக் கழற்றி ஒளித்து, துவக்கைக் கொட்டிலில் வைத்துவிட்டு அம்புலன்சைக் கூப்பிட்டேன். நாலு நிமிடம்தான். நான் செய்ததையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்புலன்ஸ் வந்தபோது பார்க்கவில்லை.

மரண விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். ஏணியை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டதற்கு, இன்னுமோர் அகப்பை எடுக்கப் போயிருந்தேன் என்றேன். களஞ்சியத்தில் எனக்கு அனுதாப அட்டை கொடுத்தார்கள், வகுப்பு தொடர்கிறது.

“உங்கட பிழை இல்லையப்பா,” என்றாள் சிவகௌரி. “அண்ணை எப்பவும் அவசரக்காரன்.”

அவர் கை ஏன் எழுந்தது என்று நிறைய யோசித்தேன். மற்றவன் கதையைப் பதினெட்டு வருடம் சொன்னால் உடம்பே நம்பிவிடும் போலிருக்கிறது. பாவம்.

லேசரை எறியவில்லை. ஞாயிறுகளில் சிவகௌரி முருகன் கோயிலுக்குப் போனதும் அதைக் குளியலறைத் தட்டில் வைத்து, மூன்றாம் பொத்தானைப் புள்ளிக்கு நேரே கொண்டுபோய் நிற்கிறேன். ஒருமுறை அரைமணி நேரம் நின்றேன். பற்றரி புதிது. புள்ளி நன்றாகத் தெரிகிறது. என் கை இரண்டும் பக்கத்தில் தொங்கியபடியே இருக்கின்றன.