ஆணி மாறிய குழல்

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நிதானம் ஐயாவின் வீட்டம்மா, மகள், மருமகன், வேலையை விட்டுவிட்டு வெயிலில் வந்திருக்கும் துப்பாக்கிச் சங்கத்துச் சொந்தங்களே, எல்லாருக்கும் என் கும்பிடு.

வருஷத்தை எண்ணாகச் சொல்ல எனக்கு வராது. டெலிபோன் நம்பர்களுக்கெல்லாம் முன்னால் ஓர் எண் கூடிய வருஷம் அது. ரயில்வே கேட்டை மூடிவிட்டு மேம்பாலத்துக்கு முதல் தூண் எழுப்பிய வருஷம். பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த லிஃப்ட், திறந்த அன்றைக்கே தலைமை டாக்டரை உள்ளே வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றுபோன வருஷம். நரைத்த தலைகள் சிலது சிரிக்கிறது. ஞாபகம் வந்துவிட்டது, சரி. அந்த வருஷம்தான் நம் மெக்கானிக் நிதானம் ஐயா, தான் செய்யாத ஒரு தப்பைத் தன்னுடையது என்று சபையில் சொன்னார்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சுடும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி, குழிக்குள் நின்று, குறி அட்டையை மாட்டுவதும் கழற்றுவதும் நாற்பத்தொரு வருஷம் என் வேலை. அதனால் என் பெயரே அட்டை ஆகிவிட்டது. ரத்தம் குடிக்கிற அட்டை இல்லை.

இன்று இந்த மண்டபத்தில் இரண்டு பாரம் இருக்கிறது. ஒன்று, ஐயா போனது. இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஸ்டோர் ரூமில் ஒரு நீளப் பெட்டி இருக்கிறது. அதற்குள் மூன்று குழல். பேரல் என்று சொல்வீர்கள், எனக்குக் குழல். நம் சங்கத்தின் பெரிய ரைபிளுடைய குழல் தேய்ந்துபோய்விட்டது. விற்பவர்கள் மூன்றை அனுப்பியிருக்கிறார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஐயா பெட்டியைத் திறந்து பார்த்தார். "திங்கக்கிழமை உக்காந்து பாக்கலாம்" என்றார். திங்கட்கிழமை அவருக்கு வரவில்லை. அந்த ரைபிளைத் தோளில் வைக்கிற பஸ் கண்டக்டர் அதோ, ஜன்னல் பக்கத்தில் இருக்கிறார். அவருடைய தேர்வுப் போட்டிக்கு இன்னும் இருபது நாள். மூன்றில் எது? யார் சொல்வது?

கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். ஒரே ஆலை, ஒரே பளபளப்பு. ஆனால் நம் தோட்டா என்ன தோட்டா? விளிம்பில் தட்டினால் வெடிக்கிற சின்னத் தோட்டா. அதன் ஈயத்தை நகத்தால் கீறினாலே கோடு விழும். அவ்வளவு மெத்தென்ற ஈயம், குழலுக்குள் எங்கேயாவது ஓர் இடத்தில் பிடி தளர்ந்து போனால், அது அட்டைக்கு வந்து சேர்வதற்குள் புத்தி மாறிவிடும்.

அந்த வருஷமும் இதே கேள்விதான். அப்போது அந்த ரைபிளைச் சுட்டவர் ஒரு பல் டாக்டரம்மா. கைக்குழந்தைக்கு ஏழு மாதம். அட்டையின் நடுவில் பத்திலேயே போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று எட்டிலும் ஏழிலும் போட ஆரம்பித்தார். அப்போதைய செயலாளர் ரிட்டயரான போஸ்ட்மாஸ்டர். நல்ல மனுஷர்தான், ஆனால் வாயில் வந்ததைத் தபால்தலை ஒட்டாமலே அனுப்பிவிடுவார். "புள்ளை பெத்த கை. ஆடத்தான் செய்யும். இந்த வருஷம் வேற யாரையாவது அனுப்பலாம்" என்றார். அந்தம்மா துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டுத் தூளியில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

நிதானம் ஐயா என்ன செய்தார்? சண்டை போட்டாரா? மேசையைத் தட்டினாரா? "கையைக் கொறை சொல்றீங்களே சார், கையே இல்லாம சுட்டுக் காட்டுறேன்" என்று ரைபிளை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பெரிய வைஸில் இறுக்கிக் கட்டினார். விசையில் கயிறு கட்டி இழுத்து, மனுஷர் கை படாமல் பத்துத் தோட்டா. நான் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தேன். பத்தும் பத்துப் பக்கம் கிடந்தது. ஐயா அதைப் போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கு நேராகப் பிடித்துக் கேட்டார்: "வைஸுக்கு எத்தனை மாசக் குழந்தை சார்?"

போஸ்ட்மாஸ்டர் சிரித்துவிட்டார். புதுக் குழலுக்கு எழுதிப் போட்டார்கள். மூன்று வந்தது. இப்போது போலவே அப்போதும் ஏற்பாடு: ஒன்று நமக்கு, இரண்டு திரும்பிப் போக வேண்டும். போட்டிக்கு இருபத்தாறு நாள்.

ஒவ்வொரு குழலையும் தற்காலிகமாக மாட்டி, வைஸில் கட்டி, ஐந்தைந்து அட்டை சுட்டுப் பார்ப்பது என்று முடிவு. எந்த அட்டை எந்தக் குழலுடையது என்று எண் எழுதி வைப்பதுதான் எங்கும் வழக்கம். ஐயா எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால். "நம்பர் போட்டா ஒவ்வொரு தடவையும் நீ யாரையாவது கேட்டுட்டு நிக்கணும். எதுக்கு அது? குழிச் சுவத்துல மூணு ஆணி அடிச்சிருக்கேன். மொதல் குழல் எடது ஆணி. ரெண்டாவது நடு. மூணாவது வலது. சுட்ட அட்டையை மாட்டிட்டே வா" என்றார்.

அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை நான் நினைத்துக்கொண்டிருப்பேன். என்னைப் படிக்காதவன் என்று தெரிந்தவர்கள் நூறு பேர். எனக்காக ஆணி அடித்தவர் ஒருவர்தான்.

ஆனால் அந்த ஆணியில்தான் கெட்டது. குழிக்காரனுக்கு ஒரு சட்டம் உண்டு. சுடுகிறவருடைய இடதுதான் இடது. நான் குழிக்குள் அவர்களைப் பார்த்து நிற்பவன். அவர்கள் "இடப்பக்கம் போச்சா?" என்று கேட்டால் என் வலப்பக்கத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அப்படியே பழகி, என் இடது கையையே நான் மறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஐயா இடது ஆணி என்றதும், சுடும் மேடையில் நிற்கிற அவருக்கு எது இடதோ அந்த ஆணியில் முதல் குழல் அட்டைகளை மாட்டினேன். ஆணி இருந்தது குழியின் சுடும் மேடைப் பக்கத்துச் சுவரில். குழிக்குள் அந்தச் சுவரைப் பார்த்து நிற்கிறவருக்கு அது வலது. அவர் நினைத்தது சுவரைப் பார்த்து நிற்கிறவருடைய இடதை. ஒன்றும் மூன்றும் மாறிவிட்டது.

ஐயா வந்து பார்த்தார். அவருக்கு இடது ஆணியில் இருந்த அட்டைகள் அழகு. பத்துத் தோட்டாவையும் ஒரு சட்டைப் பொத்தான் மறைத்துவிடும். வலது ஆணியில் இருந்ததைக் கைக்கடிகாரம் வைத்தாலும் மறைக்க முடியாது. "அட்டையே சொல்லிட்டு அப்புறம் என்ன?" என்று முதல் குழலை எடுத்துவைத்தார். மற்ற இரண்டும் மறுநாள் பார்சலில் போய்விட்டது. முதல் குழலைக் கட்டையில் பொருத்தி, முன்குறி வைக்கத் துளையும் போட்டாயிற்று. துளை போட்டதைத் திருப்பி அனுப்ப முடியாது, இனி அது நம்முடையது.

வைஸில் கட்டிச் சுட்டார். அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன், பத்தும் சிதறிக் கிடந்தது. ஐயா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் குழிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மொதல் குழல் அட்டையை எந்த ஆணியில மாட்டின?"

"இடதுலதான்யா."

"காட்டு."

காட்டினேன். காட்டுகிறபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மணல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஐயா ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்திரி. மணல் ஈரமா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கமிட்டி. போஸ்ட்மாஸ்டர் முகம் சிவந்திருந்தது. "வந்த மூணுல மோசமானதை வச்சுக்கிட்டு நல்லதைத் திருப்பி அனுப்பியிருக்கோம். யார் பண்ண வேலை இது?" என்றார். நான் கதவோரம் நின்றேன். வேலை போகும் என்று தெரியும். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். நான் வாயைத் திறப்பதற்குள் ஐயா எழுந்துவிட்டார்.

"ஆணி அடிச்சவன் நான். எந்தப் பக்கம் நின்னு எடதுன்னு சொல்லாதவனும் நான். அவன் அவன் தொழில் சட்டப்படிதான் மாட்டியிருக்கான். தப்பு என்னுது."

"அப்போ டாக்டரம்மா போட்டிக்கு என்னத்தை வச்சுச் சுடுவாங்க?"

"இதை வச்சுத்தான்."

"விளையாடுறீரா?"

"நாளைக்குக் காலையில வாங்க சார். விளையாடிக் காட்டுறேன்."

மறுநாள் காலை பட்டறையில் ஐந்து பேர் இருந்தோம். ஐயா, போஸ்ட்மாஸ்டர், இரும்பு கடைகிற லேத்துக்காரர், பல் டாக்டரம்மா, நான். ஐயா ஈயத்தை உருக்கி, குழலின் துளையைவிட முடி அளவு பெரிய ஒரு கட்டி வார்த்தார். துளைக்கு எண்ணெய் விட்டு, கட்டியை மரச்சுத்தியால் பின்பக்கம் தட்டி இறக்கி, பித்தளைக் கம்பியால் மெல்ல முன்னால் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டார். தள்ளி முடித்து, தான் கண்டதைச் சொல்லாமல் கம்பியைப் போஸ்ட்மாஸ்டர் கையில் கொடுத்தார்.

"எனக்கு என்னய்யா தெரியும்?"

"சீல் குத்தின கை சார். தெரியும், தள்ளுங்க."

போஸ்ட்மாஸ்டர் தள்ளினார். "கடைசியில என்னமோ வழுக்குது" என்றார். லேத்துக்காரர் தள்ளினார். அவர் எப்போதும் பேசமாட்டார், தலையை மட்டும் ஆட்டினார். டாக்டரம்மா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்தார். பாதி தூரம் போனார், முக்கால் தூரம் போனார், நின்றார். பின்னால் இழுத்து மறுபடி தள்ளினார். "ஐயா, இதுவரைக்கும் ஒரே இறுக்கம். முன்வாய்க்கு மூணு விரல்கடை இருக்கும்போது ஆடுற பல்லு மாதிரி இருக்கு" என்றார்.

ஐயா குழலின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அவர் ஏற்கெனவே மனசில் போட்டுவைத்திருந்த இடம் அதுதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். தோட்டா கடைசியாக விட்டுப் போகிற இடம் இறுக்கமாக இருக்க வேண்டும். முன்வாயில் பிடி தளர்ந்தால் பின்னால் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பிரயோஜனம் இல்லை. தளர்ந்த துண்டை வெட்டிவிட்டு, இறுக்கமான இடத்தையே வாயாக்கிவிட்டால்?

போஸ்ட்மாஸ்டர் பதறிவிட்டார். "புதுக் குழலை வெட்டுறதா? நாளைக்கு வெட்டினதும் சரியில்லன்னா?"

"அப்போ கமிட்டியில என்னையும் வெட்டிடுங்க" என்றார் ஐயா. பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "தோள்ல வைக்கப்போறது நீங்க. உங்க சொல்லுதான்."

டாக்டரம்மா அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆடுற பல்லை வச்சுக்கிட்டு என்ன பண்றது? எடுத்துடலாம்யா."

அதற்கு முன்னால் ஐயா என்னையும் கூப்பிட்டார். "நீயும் ஒரு தடவை தள்ளிப் பாருய்யா" என்றார். எனக்குத் துணிச்சல் இல்லை. "வேணாம்யா. கையில குழந்தை இருக்கு" என்றேன். குழந்தை ஒரு சாக்குத்தான். என் கையை அன்றைக்கு நானே நம்பவில்லை. அந்த வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது.

லேத்துக்காரர் வெட்டினார். வாயைச் சீவி, பிசிறு இல்லாமல் வழவழப்பாக்கினார். முன்குறிக்குப் புதுத் துளை போட்டார்கள். ரைபிளை வைஸில் கட்டிப் பத்துத் தோட்டா சுட்டார்கள். குழிக்குள் நான் அட்டையைக் கழற்றும்போது, பத்தில் ஒன்றுதான் பட்டிருக்கிறது, ஒன்பது வெளியே போய்விட்டது என்று நினைத்து அழுதுவிட்டேன். கிட்டத்தில் பார்த்தால் பத்தும் அதே ஓட்டைக்குள் போயிருந்தது.

போட்டியில் மூன்று பேரை எடுத்தார்கள். டாக்டரம்மா மூன்றாவது. நான்காமவருக்கும் அவருக்கும் ஒரே ஒரு புள்ளி. போஸ்ட்மாஸ்டர் அவர் வீட்டுக்கே போய், "கையைப் பத்தி நான் சொன்னதை எடுத்துக்கிறேம்மா" என்றார். டாக்டரம்மா, "பரவாயில்ல சார். வாயைத் திறங்க, அந்தக் கடைவாய்ப் பல்லைப் பாக்கலாம்" என்றாராம். போஸ்ட்மாஸ்டரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதற்குப் பிறகு ஐயா இரண்டு தடவை குழல் மாற்றினார். முதலில் ஈயம், அப்புறம்தான் அட்டை. அட்டை சொல்வதை அவர் தள்ளவில்லை, தனியாக நம்பவும் இல்லை. அந்த இரண்டு தடவையும் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகத்தான் தள்ளிப் பார்த்தார். யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரம் வரும் என்று நினைத்திருப்பார். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

மெக்கானிக் நிதானம் ஐயாவைப் பற்றி மேடையில் பெரிய பெரிய வார்த்தைகள் சொன்னார்கள். எல்லாம் பொருந்தும். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். தப்பு நடந்த இடத்தில் அவர் ஆளைத் தேடவில்லை. எங்கே தளர்ந்திருக்கிறது என்று தேடினார். குழலிலும் அப்படித்தான், மனுஷரிடத்திலும் அப்படித்தான். இந்தச் சங்கம் அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை படத்துக்கு மாலை போடுவது மட்டுமா? அந்தப் பெட்டியைத் திறப்பதும்தான். கண்டக்டர் தம்பி சரியான குழலோடு போட்டிக்குப் போவதும்தான். நாளைக் காலை எட்டு மணிக்குப் பட்டறையில் நான் ஈயம் உருக்கிவைக்கிறேன். மூன்று குழலையும் சுட்டுப் பார்க்கிறபோது அட்டை நான் மாட்டுகிறேன். இந்த வயசிலும் குழிக்குள் இறங்க எனக்குத் தெம்பு இருக்கிறது.

ஆனால் கம்பியை யார் பிடிப்பது? அன்று அந்தக் கம்பியைப் பிடித்தவர்கள் நாலு பேர். போஸ்ட்மாஸ்டர், மேம்பாலம் திறந்த வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். லேத்துக்காரர், பெரிய காய்ச்சல் வந்து பள்ளிக்கூடங்களை எல்லாம் மூடிய மாதத்தில் போனார். ஐயா போய்ப் பதினோரு நாள். மிச்சம் ஒருவர். துப்பாக்கியைத் தொட்டு வருஷக்கணக்காயிற்று என்று சொல்லிக்கொண்டு, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், பல் டாக்டரம்மா.