ருக்குமணியம்மாள் குளத்துக்கு எந்த அளவுப் பெட்டி?

இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் ஆலயத் தலைவர், தோட்டத்தில் ஆள்களை மேய்த்த முன்னாள் மண்டோர், இந்நாள் காய்கறி வணிகர், கேட்டால் லோரி தருபவர், கேட்காவிட்டால் அறிவுரை தருபவர், ஐயா தங்கையா அவர்களே. அவருக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கும் அவருடைய உடன்பிறந்த தங்கை, இன்றைக்குப் பேசப்படும் குளத்துக்குச் சொந்தக்காரர், திருமதி ருக்குமணியம்மாள் அவர்களே. கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் தேய்ந்தாலும் விருந்தோம்பலில் தேயாத தாய்மார்களே. கம்பளிக்குள் கண் மட்டும் தெரிய அமர்ந்திருக்கும் பெரியோர்களே. பின்கட்டில் மீகூன் வறுக்கும் வாசனை வரும் திசைக்கே முகம் திருப்பியிருக்கும் இளைஞர்களே. மேடை நடுவில் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூடி, எலுமிச்சம்பழங்களின்மேல் நின்று இன்றைக்குத் திறப்பு விழா காணும் பெட்டி அவர்களே. உங்கள் எல்லாருக்கும் ஆலயச் செயலாளர் சிவசாமியின் தலை தாழ்ந்த வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ஒற்றுமை. ஒற்றுமையைப் பற்றி இதே டேவான் மண்டபத்தில், இதே மைக்கில், போன பொங்கலுக்கும் பேசினேன். அதற்கு முந்தைய பொங்கலுக்கும் பேசினேன். இரண்டு தடவையும் கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது சண்டை வந்தது. ஆகவே தலைப்பை நானே மாற்றிக்கொண்டேன். இன்றைய தலைப்பு: கொல்லைப்புற மீன்குளத்துக்குச் சரியான அளவில் ஸ்கிம்மரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஸ்கிம்மர் என்றால் என்னவென்று இந்தச் சபையில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கியவர்களில் பாதிப் பேர் தலைவருக்குப் பயந்து தூக்கியவர்கள். நானே சொல்கிறேன். குளத்தின் மேல் மிதப்பது எதுவோ, அதை வாய் திறந்து இழுப்பது ஸ்கிம்மர். இலை விழுந்தால் இழுக்கும். தூசு படிந்தால் இழுக்கும். உள்ளே ஒரு கூடை இருக்கிறது; குப்பை கூடையில் தங்கும், தண்ணீர் குழாய் வழியே குளத்துக்கே திரும்பும். நம் லயத்து வீடுகளில் இதற்குக் குப்பை இழுக்கிற பெட்டி என்று பெயர். இதைவிடத் தெளிவான பெயரை எந்தப் புலவராலும் வைக்க முடியாது.

அந்தப் பெட்டி ருக்குமணியம்மாளுக்கு ஏன் தேவைப்பட்டது? அவர் வீட்டுக் கொல்லையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு கதவுப் பலகைகளைச் சேர்த்துப் போட்டால் மூடிவிடலாம், அவ்வளவுதான் குளம். அதில் அழகுக்கு வளர்க்கும் கோய் மீன்கள். கணவர் மறைந்து, மகள் ரூபினியும் ஜொகூருக்கு வாழப் போன பிறகு, அந்த அம்மாள் காலையில் எழுந்து முதலில் பேசுவது அந்த மீன்களோடுதான். ‘அப்ப நாங்க பேசலையா?’ என்று முன்வரிசையில் வடிவம்மாள் கேட்கிறார். பேசுகிறீர்கள் அம்மா. மீன்கள் கேட்டதை வெளியே போய்ச் சொல்வதில்லை.

குளத்துக்கு மேலே கொய்யா மரம். கொய்யா மரத்துக்கு மேலே தேயிலைச் சரிவு. மிஷின் போட்டுக் கொழுந்து வெட்டுகிற நாளெல்லாம் காற்று, கிழிந்த இலையை அள்ளிக்கொண்டு வந்து அந்தக் குளத்தில் கொட்டுகிறது. தேயிலை தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்று இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாம் அதைக் குடிக்கிறோம். மீன் அதில் குடியிருக்கிறது. தண்ணீர் கறுத்தது, மேலே படலம் படர்ந்தது, மீன்களுக்கு மூச்சு முட்டியது. இருந்ததில் பெரிய வெள்ளை மீன் ஒருநாள் காலையில் வயிற்றைக் காட்டி மிதந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஒரு மீனுக்கா இவ்வளவு என்று கேட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கேட்டவர் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

முதலில் உதவிக்கு வந்தவன் பக்கத்து வீட்டு மகேன். நல்ல பிள்ளை. கைப்பேசியில் படம் பார்த்து ஒரு ஸ்கிம்மரை வரவழைத்தான். படத்தில் அது பெரிதாகத் தெரிந்தது. ஏன் தெரிந்தது? இரண்டு விரலை வைத்து இவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வந்து சேர்ந்தது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. வரவேற்பறையில் வைக்கிற கண்ணாடித் தொட்டிக்குச் செய்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. தண்ணீரில் விட்டோம், ஒரே ஒரு கொய்யா இலை வந்து அதன் வாயில் அப்பிக்கொண்டது, அத்துடன் அது பணி ஓய்வு பெற்றது. மகேன், எழுந்து நிற்க வேண்டாம். உட்கார்ந்தபடியே வெட்கப்பட்டால் போதும்.

இனி இரண்டாவது பெட்டி. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார். சாய்ந்துகொள்ளுங்கள் ஐயா, இது கொஞ்சம் நீளம்.

இந்த அண்ணனும் தங்கையும் ஐந்தாறு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் தோட்டம் அறிந்தது. ரூபினியின் கல்யாண அழைப்பிதழில் தாய்மாமன் பெயரை எவனோ சின்ன எழுத்தில் அச்சடித்துவிட்டான். எழுத்து எறும்பளவு, கோபம் மலையளவு. தாய்மாமன் இல்லாமலே மணவறையில் மாலை மாறியது. அதற்குப் பிறகு இவர் அந்த வாசலை மிதிக்கவில்லை. தங்கையும் வா என்று அழைக்கவில்லை. பிறகு வெள்ளை மீன் செத்த செய்தி தலைவர் காய்கறி விற்கும் பிரிஞ்சாங் சந்தை வரைக்கும் போனது. கேட்டவுடன் தலைவர் என்ன செய்தார்? லோரியை எடுத்துக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கினார். திரும்பி வரும்போது இதோ, இந்தப் பெட்டியோடு வந்தார். நேராகத் தங்கை வாசலில் இறக்கி வைத்தார். வந்தது பெட்டி மட்டுமா? அண்ணன் வந்தார், தாய்மார்களே, அண்ணன் வந்தார்.

கைதட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். என் நெஞ்சுயரம் இருக்கிறது. வாய் மட்டும் ஒரு முழத்துக்குமேல். பெரிய ஓய்வு விடுதிகளின் குளத்துக்காகச் செய்த பெட்டி. நெற்றியில் சிவப்பு எழுத்து: ‘உபயம்: காய்கறி வணிகர் தங்கையா குடும்பத்தார்.’ நம் வழக்கம் நாம் அறிந்ததுதானே. கோவிலுக்கு விசிறி கொடுத்தால் இறக்கையில் பெயர் எழுதுவோம். சுற்றும்போது படிக்க முடியாது, கரண்ட் போனால் படிக்கலாம். நாற்காலி கொடுத்தால் முதுகில் எழுதுவோம். இப்போது நீங்கள் ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் பெயரின்மேல் சாய்ந்துதான் என்னைக் கேட்கிறீர்கள். ஆகவே நம்மவர் ஒரு பொருளை வாங்கும்போது முதலில் பார்ப்பது என்ன? பெயர் எழுத இடமிருக்கிறதா என்பதை. குளம் எவ்வளவு நீளம் என்று கடைக்காரர் கேட்டாராம். அதெல்லாம் பெரிய குளமாகத்தான் இருக்கும், பெரிய பெட்டியாகக் கொடுங்கள், பெயரை எழுதிவிடுங்கள் என்றாராம் தலைவர். கூடவே லோரி ஓட்டிப் போன டிரைவர் புனிதன் சொன்னான். தலைவரைக் குறை சொல்ல முடியுமா? முடியாது. அந்தக் குளம் வெட்டியதே பேச்சு நின்ற பிறகு. அவர் அதைப் பார்த்ததில்லை.

நேற்று மதியம் தலைவர் கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்த நேரம், விழாவுக்கு முன் ஒரு சோதனை ஓட்டம் பார்ப்போம் என்று நம் மைக்செட்டுக்காரப் பிள்ளை அகிலன் மோட்டாரை மாட்டினான். பெட்டி முதலில் இலையை இழுத்தது. நாங்கள் கைதட்டினோம். அடுத்ததாக மீன்குஞ்சுகளை இழுத்தது. கைதட்டுவதை நிறுத்தினோம். அடுத்ததாக அகிலன் காலிலிருந்த ஒரு சிலிப்பரை இழுத்தது. கண்மூடித் திறப்பதற்குள் குளத்துத் தண்ணீரெல்லாம் பெட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் இருந்தது. குளத்தில் சேறும் மீனும்தான் மிச்சம். மோட்டாரை அடைத்து, கூடையிலிருந்த குஞ்சுகளை வாளிக்கு மாற்றி ஒருவழியாகக் காப்பாற்றினோம். குளத்தை மறுபடி நிரப்பி, பெட்டியைக் கழுவி இந்த மேடைக்கு ஏற்றினோம். சிலிப்பரும் கிடைத்தது.

அப்போது ருக்குமணியம்மாள் என்னிடம் ஒன்று சொன்னார். தனியாகச் சொன்னதை மேடையில் சொல்லலாமா? கூடாது. ஆனால் மைக்கை என் கையில் கொடுத்தது நீங்கள். அவர் சொன்னது இது: “அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க. பெட்டிய வேணாம்னா மறுபடி போயிருவாரு. மீன் போனா போவட்டும்.”

ஐயா தங்கையா அவர்களே, என்னை முறைக்காதீர்கள். மேடையில் ஏறிய பிறகு நான் செயலாளர் இல்லை, பேச்சாளன். இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் தேங்காய் உடைப்பீர்கள். பெட்டியைக் குளத்தங்கரைக்குத் தூக்கிப் போவோம். உங்கள் தங்கை சிரித்த முகத்தோடு சுவிட்சைத் தட்டுவார். அவருடைய குளம் அவர் கண்ணெதிரே வற்றும். அவர் வாயைத் திறக்க மாட்டார். இது நடக்கலாமா? நம் தோட்டத்தில் நடக்கலாமா? தாய்மாமன் சீர் என்ற பெயரால் நடக்கலாமா?

அளவு என்பது என்ன, அன்பர்களே? குப்பை மிதப்பது மேலே. ஆகவே ஆழத்தை விடுங்கள், மேற்பரப்பின் நீள அகலத்தை அளந்து பாருங்கள். அகன்ற வாய்க்கு நோஞ்சான் மோட்டாரை மாட்டினால் இலை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். சின்னக் குளத்துக்கு முரட்டு மோட்டாரை மாட்டினால் குளமே உள்ளே போய்விடும். குளத்துக்கேற்ற வாய், வாய்க்கேற்ற மோட்டார், மோட்டாருக்கேற்ற குழாய், மரத்துக்கேற்ற கூடை! காற்று குப்பையை எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ, அந்தக் கரையில் பெட்டி. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் மக்கள் வேறெதற்குச் சொன்னார்கள்? ருக்குமணியம்மாள் குளத்துக்கு ஒரு சாண் வாயுள்ள பெட்டி போதும். அதே கடையில் இருக்கிறது. நான் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். பெயர் எழுத இடமில்லை. அதையும் கேட்டுவிட்டேன்.

சீரைத் திருப்பிக் கொடுத்தால் உறவு என்ன ஆகும் என்று வடிவம்மாள் கேட்கிறார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் எழுந்து நிற்கிறார். தம்பி அகிலன், அந்த மைக்கைத் தலைவரிடம் கொடு. வேண்டாம் என்கிறார். சரி ஐயா, நீங்கள் சொல்லுங்கள்; பின்வரிசைக்கு நானே திருப்பிச் சொல்கிறேன்.

தலைவர் சொல்கிறார்: “பேருக்குப் பெருசு வாங்குனேன்னு நெனச்சீங்களா செக்ரட்டரி? பெரிய பெட்டின்னா மாசத்துக்கு ஒருக்கா கூடைய கொட்டுனா போதும்னு கடைக்காரன் சொன்னான். சின்னதுன்னா ரெண்டு நாளைக்கு ஒருக்கா குனிஞ்சு தூக்கணும். இவளுக்கு முட்டி வலி. ஒண்டியா கெடக்கா. யாரு வந்து கொட்டுவா?”

பெரியோர்களே, இந்த மேடையில் நான் என் தவறை ஒப்புக்கொள்வது இதுவே முதல் தடவை. கொஞ்சம் பொறுங்கள். மூட்டு வலியை நான் நினைக்கவில்லை. நாம் யாரும் நினைக்கவில்லை. பெயரைத்தான் பார்த்தோம்.

இப்போது ருக்குமணியம்மாள் எழுந்திருக்கிறார். மெல்ல, அம்மா, மெல்ல. அண்ணனைப் பார்த்துத்தான் பேசுகிறார். நம்மை யாரையும் பார்க்கவில்லை. அப்படியே சொல்கிறேன்:

“சின்னதே வாங்குண்ணே. ரெண்டு நாளைக்கு ஒருக்கா நெறையட்டும். நீ வந்து கொட்டு.”

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள், தலைவரைப் பாருங்கள். துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறார். பனி என்கிறார். ஆமாம் ஐயா, டேவானுக்குள் பனி அதிகம்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கிறது.

சபையோரே, தேங்காய் உடைக்கும் நிகழ்ச்சி தள்ளி வைக்கப்படுகிறது. பெரிய பெட்டியை என்ன செய்வது என்று ஆலயக் குழு கூடி முடிவெடுக்கும். அதாவது அது இந்த மேடையிலேயே இருக்கும். சந்தனக் கிண்ணம் பிடித்த பிள்ளைகளுக்கும், கொட்டும் மழைக்கு முன் பந்தல் துணியை இழுத்துக் கட்டிய தோழர்களுக்கும், இடையிடையே என்னைத் திருத்திய வடிவம்மாளுக்கும், ஒற்றைச் சிலிப்பரால் உண்மையை நிலைநாட்டிய அகிலனுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. சபை நிறைய அமர்ந்து, பொறுமையாகக் கேட்டு, சரியான இடத்தில் மௌனமாக இருந்த உங்கள் அனைவருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லி அமர்கிறேன்.

ஒரு நிமிடம். தலைவர் தங்கையிடம் ஏதோ கேட்கிறார். காலையில் எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்கிறார். அந்த அம்மாள் சொன்னதையும் சொல்லிவிட்டே உட்காருகிறேன்: “பசியாற வந்திருண்ணே.” வணக்கம்.